உம்முடைய அக்கா துவக்கு வாங்கிய விபரம்

கொடிகாமம்,
புதன்கிழமை.

அன்புள்ள மச்சான் சுபாஸ்கரனுக்கு,

பொன்னம்பலம் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று தொடங்குவதுதான் முறை. முறையை நான் இதுவரை மீறியதில்லை, ஆகையால் சுகமாக இருக்கிறோம். நீரும் உதயகலாவும் பிள்ளைகளும் கனடாக் குளிரில் நோய்நொடியின்றி இருக்க மட்டுவில் அம்மாளை வேண்டுகிறேன். உமக்காக வேண்டும்போது மட்டும் மனம் கொஞ்சம் பின்வாங்குகிறது. அதற்கான காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

இதைப் போனில் கதைத்திருக்கலாமே என்று நினைப்பீர். போன் உம்முடைய அக்காவின் கையில் இருக்கிறது. அதில் நீர் அனுப்பிய, துவக்குச் சுடுகிற வீடியோக்கள் அறுபத்துமூன்று இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே நான் நுழைய இடமில்லை.

போன வருடம் உம்முடைய மகளின் சாமத்தியச் சடங்குக்கு என்றுதான் உம்முடைய அக்கா குணலட்சுமியை அனுப்பிவைத்தேன். தேங்காய் வியாபாரத்தை விட்டு நான் வரமுடியவில்லை, அது என் பிழை. முப்பது வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற மனிசியை நயாகராவைக் காட்டிக் கூட்டிவந்து விட்டிருக்கலாம். நீர் சிநேகிதரின் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், வேலிக்கட்டையில் பத்து வெற்றுத் தகரப் பேணிகளை அடுக்கி, கையில் ஒரு சின்ன றைபிளைக் கொடுத்து, "சும்மா ஒருக்கால் சுட்டுப் பாருங்கோ அக்கா" என்றிருக்கிறீர். ஏழு பேணி விழுந்ததாம். விழுந்த பேணியைப் பொறுக்கிக் குப்பையில் போட்டால் கதை முடிந்தது. நீர் அதோடு நிற்காமல், "அக்கா, உங்களுக்குக் கை ஆடேல்லை" என்று சொல்லியிருக்கிறீர். அறுபது வயதுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது. மற்றவர்கள் கனடாவிலிருந்து சொக்லேற் கொண்டு வருவார்கள். இவ ஓட்டை விழுந்த ஒரு பேணி கொண்டுவந்து, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா.

அதோடு அந்த ஆசை ஆறியிருக்கும். கெட்ட காலத்துக்கு யாகப்பு மாஸ்ரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், மூடிக்கிடந்த அரிசி ஆலையொன்றைத் துப்புரவாக்கி, காற்றுத்துவக்கால் கடதாசி இலக்கைச் சுடுகிற கழகம் ஒன்றைத் தொடங்கினார். இருபது பேருக்கு இரண்டு துவக்கு. ஆகவே முடிந்தவர்கள் சொந்தமாக ஒன்று வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். முடியாது என்ற சொல் உம்முடைய அக்காவின் வாயில் வந்ததை நீர் எப்போதாவது கேட்டிருக்கிறீரா.

பிறகு நீங்கள் இருவரும் போனில் நடத்திய மாநாடு. குழலை மடித்து இழுக்கும் வகையா, காற்று அடைத்த சிலிண்டர் வகையா என்று மூன்று கிழமை. எங்கள் கலியாணம் பேசி முடிக்க நாலு நாள்தான் சென்றது. முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்து அனுப்பும் என்றீர், தையல்நாடாவால் நான் அளந்தேன். துவக்கின் பாரம் பழகட்டும், வீடு கூட்டுகிற தும்புத்தடியில் நாலு கிலோ அரிசி கட்டி யன்னலுக்கு நேரே பத்து நிமிடம் பிடிக்கட்டும் என்றீர். அந்த யன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டு யோசப்பீன் ரீச்சரின் குசினி என்பதை நீர் யோசிக்கவில்லை. நாலாம் நாள் அவ படலையடியில் நின்று என்னைக் கூப்பிட்டா.

"அண்ணை, குணமக்காவுக்கு என்னிலை ஏதும் கோவமோ? மூண்டு நாளா தும்புத்தடியாலை என்னைக் குறிபாத்துக்கொண்டு நிக்கிறா."

"இல்லைப் பிள்ளை, அது தேகப்பியாசம்" என்றேன். அவ நம்பவில்லை. அன்றுமுதல் குசினித் திரைச்சீலை மூடியே கிடக்கிறது. ஞாயிறு தோறும் வந்த பாலப்பமும் நின்றுபோனது.

அனுமதிக் கடதாசிக்குப் பொலிசுக்குப் போனதும் நான்தான். அங்கிருந்த தம்பி மரியாதையானவன். "துவக்கு ஆருக்கு ஐயா?" என்றான். "என்ரை மனிசிக்கு" என்றேன். பேனையை மேசையில் வைத்தான். எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினான். குரலைத் தணித்து, "ஐயா, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ" என்றான். விளையாட்டுக்குத்தான் என்று விளங்கப்படுத்தினேன். "நீங்கள் விருப்பப்பட்டுத்தானே வந்தனீங்கள்?" என்று கேட்டான். மச்சான், அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மறுநாள் சந்தையில் கதை பரவிவிட்டது. "இனிப் பொன்னம்பலத்தாரிட்டை விலை குறைச்சுக் கேக்கேலாது, வீட்டிலை துவக்கு இருக்கு" என்று மரக்கறிக்காரர் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

காலை ரயிலில் ஏறிக் கொழும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெடியன் மூன்று துவக்குகளை மேசையில் வைத்து, எல்லா விளக்கத்தையும் என்னைப் பார்த்தே சொன்னான். நான் தேங்காயைத் தட்டிப் பார்த்துத் தெரிவு செய்கிறவன். துவக்கை எங்கே தட்டுவது. அவன் ஒன்றை எடுத்துக் குழலை மடித்து, திரும்ப நிமிர்த்தினான். டக்கென்று ஒரு சத்தம். என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது, என் இரண்டு கையும் மேலே போய்விட்டன. வலது கையில், அந்தக் காலத்துச் சோதனைச்சாவடியில் நிற்கிறமாதிரி, அடையாள அட்டை. அதை எப்போது சட்டைப்பையிலிருந்து எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

குணலட்சுமி என் கைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினா. அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தா. பிறகு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா:

"இஞ்சாருங்கோ, இவ்வளவு காலமும் நாங்கள் துவக்கின்ரை முன்பக்கத்தைத்தான் பாத்தனாங்கள். பின்பக்கத்திலை நிண்டால் எப்பிடி இருக்குமெண்டு ஒருக்கால் பாக்கிறனே."

அவ பெடியன் பக்கம் திரும்பி, "தம்பி, இனி என்னட்டைச் சொல்லும்" என்றா. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தோளில் வைத்தா, பிறகு கண்ணைத் திறந்தா. முதலாவதில் குறியைக் காணக் கழுத்தை வளைக்கவேண்டியிருந்தது. இரண்டாவது, நீர் சத்தியம் பண்ணிச் சொன்ன தூரக்கண்ணாடி வைத்த துவக்கு, பாரத்தில் தலை குனிந்துவிட்டது. மூன்றாவது ஆரோ பாவித்துத் திருப்பிக் கொடுத்தது. கட்டையில் கீறல், கண்ணாடியும் இல்லை. கண் திறந்ததும் குறி கண்ணுக்கு நேரே நின்றதாம். "இது" என்றா. ஒரு சேலைக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவ, துவக்கை ஏழு நிமிடத்தில் எடுத்துவிட்டா. உம்முடைய அறுபத்துமூன்று வீடியோவும் வீண்.

இப்போது துவக்கு அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு அவவின் இடுப்பில். என்னுடைய வேட்டியும் அதே அலுமாரியில் என்பதால், நான் கோயிலுக்குப் போகவும் அனுமதி கேட்கவேண்டும். யாகப்பு மாஸ்ரர் கழகத்தின் பின்வளவில் பேணி அடுக்கிச் சுட இடம் கொடுத்திருக்கிறார். பேணி வேண்டுமே. வெள்ளி தவிர்த்து ஒன்பது நாளாக எனக்கு ரின்மீன் குழம்பு. வெறும் பேணியை எங்கேயாவது வாங்கலாம் என்றேன். "உள்ளுக்கை இருக்கிறதை என்ன செய்யிறது?" என்று கேட்கிறா. உள்ளே ஒன்றுமில்லாததைத்தான் வாங்கச் சொல்கிறேன் என்பது அவவுக்கு ஏறவில்லை.

இதெல்லாவற்றையும் பொறுத்தேன். வருகிற சனிக்கிழமை கழகத்தில் போட்டியாம். பேர் கொடுத்துவிட்டா. மற்றவர்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள். அவர்கள் நடுவில் உம்முடைய அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நிற்கப்போறா. தோற்றால் அழுவா, அதை என்னால் பார்க்க ஏலாது. வென்றால் விடமாட்டா, அதையும் பார்க்க ஏலாது. மச்சான், மூட்டினவர் நீர், நீரே அணையும். போன் எடுத்து, தோள்மூட்டு நோ என்று சொல்லி விலகச் சொல்லும். நீர் சொன்னால் கேட்பா. நான் போட்டிப் பக்கமே போகமாட்டேன், இது உறுதி.

உதயகலாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரியவர்களுக்குத் தொல்லை கொடுக்காமல் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
க. பொன்னம்பலம்

பி.கு. (ஞாயிற்றுக்கிழமை): வேலைநிறுத்தத்தால் வியாழனும் வெள்ளியும் தபால் கந்தோர் பூட்டு, சனி போட்டி. கடிதம் போகவில்லை, நல்லதாய்ப் போயிற்று. மேலே எழுதியதை வாசித்திருந்தால் மறந்துவிடும், போன் ஒன்றும் எடுக்கவேண்டாம். பதினொரு பேரில் உம்முடைய அக்கா இரண்டாமிடம். தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டுப் போய்விட்டா என்பதால் நான் கொண்டுபோனேன், மற்றபடி போகவில்லை. அங்கே ஒரு பத்திரிகைக்காரன் படம் எடுத்துவிட்டு, "இவ்வளவு பொருத்தமான துவக்கை ஆர் ஐயா தெரிவு செய்தது?" என்று என்னைக் கேட்டான். "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்ததல்ல, யோசித்துத்தான் சொன்னேன். அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவ என்னைப் பார்த்தா, கையிலிருந்த துவக்கைப் பார்த்தா. பிறகு, "ஓம், அவர்தான்" என்றா.

நாளைக்குப் பேப்பரில் வருமாம். ஆராவது உம்மிடம் கேட்டால், நீரும் ஓம் என்று சொல்லும்.