மூன்று யோகன்கள்

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தைத் தலைவரும் செயலாளரும் நடத்துகிறார்கள் என்று நம்புகிறவர்கள், ஜேர்சி அண்ணையை அறியாதவர்கள். திருகோணமலைத் துறைமுக வீதியில் தையற்கடை வைத்து, கழகத்துக்கு ஜேர்சி தைத்துக்கொடுக்கும் அவர் பந்தை ஒருநாளும் காலால் தொட்டதில்லை. ஆனால் பதினொரு பேரையும் தானே பெற்று வளர்த்ததுபோலக் கதைப்பார். பக்கத்துப் போட்டோகொப்பிக் கடை என்னுடையது. ஆகவே முழுவதையும் கேட்பது என் தலைவிதி.

போன வருடம் போட்டிகள் முடிந்து மைதானத்தில் மாடுகள் மேயத் தொடங்கிய நேரம், வாட்ஸ்அப்பில் செயலாளரின் அறிவித்தல் வந்தது. பின்களத்தில் ஒன்பது வருடம் விளையாடிய யோகனை விடுவிக்கிறார்களாம். வெளியூரிலிருந்து மூன்று முன்கள வீரர்கள் வருகிறார்களாம்.

சுனாமி எச்சரிக்கை என்று ஊரே ஓடிய நாளிலும் ஒரு காற்சட்டையை முடித்துவிட்டு எழும்பிய அண்ணை, அன்று மெஷினை நிறுத்தினார்.

“மூண்டு பேர் கோல் அடிக்க வாறாங்கள், சரி. வாற பந்தை ஆர் மறிக்கிறது? செயலாளற்ற மாமியாரோ?”

அதன்பிறகு கடையில் தையல் குறைந்தது. லிங்கநகர் ஆசிரியர் ஒருவர் காற்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். அளவுக் கொப்பியில் அண்ணை வீரர்கள் நிற்கவேண்டிய ஒழுங்கை நான்கு, மூன்று, மூன்று என்று எழுதி, வட்டம் போட்டு, அம்புக்குறியும் கீறினார்.

“இப்ப விளங்குதோ சேர்?”

“அண்ணை, என்ர இடுப்பு?”

“இடுப்பு கிடக்கட்டும். இந்த இடத்தைப் பாருங்கோ, வெறும் வெளி!”

புதிய ஜேர்சிகள் தைக்கச் சொல்ல வந்த செயலாளர், “கழகத்தின்ர முடிவு அண்ணை, மாத்த ஏலாது” என்றார்.

“ஓம் ஓம். நீங்கள் முடிவெடுங்கோ, நான் தைக்கிறன்.”

அந்தச் சாந்தத்தைப் பார்த்தே நாங்கள் பயந்திருக்க வேண்டும்.

முதற்போட்டி அன்று, விசில் ஊதச் சற்று முன்னர்தான் ஜேர்சிப் பையைத் திறந்தார்கள். புதியவர்கள் மூவரின் முதுகிலும் ஒரே பெயர்: யோகன். மாற்ற நேரமில்லை.

ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் பாவம். “பந்து யோகனிடம்... யோகன் யோகனுக்குத் தட்டுகிறார்... யோகன் விழுந்துவிட்டார், மன்னிக்கவும், அது மற்ற யோகன்...”

எதிரணி நான்கு கோல் போட்டது. “மூண்டு யோகன் நிக்கினம், பின்னுக்கு ஒருத்தரையும் காணேல்லை!” என்று சனம் கத்தியது. பார்வையாளர் வரிசையில் இருந்த நிஜ யோகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்தான். அது சிரிப்பில் வந்த கண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை.

நிர்வாகம் கூடியது. யோகனைத் திரும்ப எடுக்கவில்லை. ஜேர்சி அண்ணையையும் விடுவித்தது. ஜேர்சிகள் கொழும்பிலிருந்து வந்தன.

“இனி அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்” என்றார் அண்ணை.

அடுத்த சனிக்கிழமை நான் மைதானத்துக்குப் போனபோது, எனக்கு முன்னரே வந்து முன்வரிசையில் இருந்தார். இடைவேளையில், புதியவர்களில் ஒருவனின் ஜேர்சி தோளில் கிழிந்து தொங்கியது. அண்ணை சட்டைக் கொலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

“கொழும்புத் தையல்! ஆடாமல் நில்லும் தம்பி, ஊசி குத்தும்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி கேட்டார்: “காலமை சாப்பிட்டனீரோ?”

எனக்கு உதைபந்தாட்டத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. சனிக்கிழமைகளில் நேரத்தோடே கடையைப் பூட்டுவது, அவருக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடிக்கத்தான்.