வளர்ச்சியாரும் ஆளில்லாத மின்விசிறியும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்லமாட்டார்கள், கைதட்டுவார்கள். வளர்ச்சிப் பித்தர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும்.

நம் வளர்ச்சியார் மெழுகுவர்த்தி மொத்த வியாபாரி. வணிகர் சங்கக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர், "வியாபாரம் பெருகும் இடத்தில் மின்சாரச் செலவும் பெருகும்" என்று சொல்லிவிட்டுப் போக, நம்மவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார். செலவைப் பெருக்கினால் வியாபாரம் பெருகித்தானே ஆகவேண்டும்? அன்றிலிருந்து ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றியது, காலி ஃபிரிட்ஜ் உறுமியது, சலவை இயந்திரம் துணியில்லாமல் தண்ணீரைத் துவைத்தது, கடைக்கதவை விரியத் திறந்துபோட்டு ஏசி தெருவையே குளிரவைத்தது. வியாபாரம்? ஈ ஓட்டினார்.

ஊரெல்லாம் விளக்கு எரிந்தால் மெழுகுவர்த்தியை எவன் வாங்குவான் என்கிறீர்களா? அவர் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

"ஏங்க, ஊரு வெளிச்சமாக ஆக நம்ம கடை இருண்டுக்கிட்டே போகுது. இந்த மாசமும் சரக்கு போகலைன்னா கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு ஓனரு. அந்த ஃபேனையாவது நிறுத்துங்க."

"அட போடி! இப்பப் போய் சுவிட்சை அணைச்சா, வந்த வளர்ச்சி வாசலோட திரும்பிப் போயிடும்."

"வளர்ச்சி வருதோ இல்லையோ, பில்லு வருது."

வாய்தான் வீறாப்பு. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய கடை. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. மாதக் கடைசி மாலையில், ஆனது ஆகட்டும் என்று கடையிலும் மேலே வீட்டிலும் இருந்த சுவிட்சையெல்லாம் தட்டினார். அதுவும் போதாதென்று மச்சினன் வீட்டு இஸ்திரிப்பெட்டியை இரவல் வாங்கிச் செருகினார்.

டமார்! தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பொறி பறக்கவிட்டு உயிரைவிட்டது. வட்டாரமே கும்மிருட்டு.

அப்புறம் என்ன? இத்தனை நாள் எட்டிப் பார்க்காத சனம் முண்டியடித்தது. "அண்ணே, எனக்கு ரெண்டு!" "தள்ளுங்க, எனக்கு ஒரு பெட்டி!" கிடங்கு துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. கடை பிழைத்தது.

வளர்ச்சியார் இருட்டில் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "கரண்டுச் செலவு ஏற ஏற வியாபாரம் ஏறும்னு நான் சொன்னேனா இல்லையா?"

"ஏறுச்சு ஏறுச்சு. நமக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சீங்களா?"

வைக்கவில்லை. முட்டியை இடித்துக்கொண்டு மாடியேறினார்கள். ஏறியதும் முதல் வேலையாக, சுவிட்சுகள் எல்லாம் போட்டபடிதான் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து அறையில், யாருக்காகச் சுற்றுகிறது அது?