அக்கரை தெரிந்தால் அது கப்பல் இல்லை

ஒரு சாக்கு மூட்டையின் தையல் சரியில்லை என்று தட்டிக் கேட்பதற்காக நாடு விட்டு நாடு நடந்த மனிதர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் ராயபுரத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கே நினைவிருந்ததா என்பதும் சந்தேகம். துறைமுகம் முழுக்க அவர் ‘ரங்கோன் மாமு’. இத்தனைக்கும் ரங்கோனை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

பர்மாவிலிருந்து கப்பலில் வரும் அரிசி மூட்டைகளை முதுகில் ஏற்றிக் கிடங்கில் சேர்ப்பது எங்கள் பிழைப்பு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த நான், வரிசையில் மாமுவுக்குப் பின்னால் நிற்பவன். மூட்டையின் வாயைத் தைக்கும்போது இரண்டு முனையிலும் சாக்கைக் கொஞ்சம் பிதுக்கிக் கட்டி விடுவார்கள். அதற்குக் காது என்று பெயர். தோளுக்கு மேலாகக் கையை விட்டு அந்தக் காதுகளைப் பிடித்துக்கொண்டால்தான் மூட்டை முதுகில் நிற்கும். எல்லா ஆலைகளும் காது வைத்துத்தான் அனுப்பின, சேவல் மார்க்கு ஆலையைத் தவிர. அந்த மூட்டை உரித்த பலாக்கொட்டை மாதிரி மொழுமொழுவென்று வந்து இறங்கும். பிடித்துப் பிடித்து எங்கள் நகங்கள் பிய்ந்தன. ஒரு நாள் அப்படி ஒன்று நழுவி மாமுவின் இடது பாதத்தில் விழுந்தது. அதன் பிறகு அந்தப் பாதம் நேராக ஊன்றவே இல்லை.

கிடங்குக் குமாஸ்தா, “ஆலைக்கு ஒரு கடுதாசி போட்டுப் பாரேன்யா” என்று சிரித்தார்.

“கடுதாசிய படிக்கிறவன் இன்னா மூட்டையா தூக்கறான்? தைக்கிறவன் மூஞ்சிக்கு நேரா கேக்கணும். நான் ரங்கோனுக்குப் போறேன்” என்றார் மாமு.

இதையே வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்ததுதான் அந்தப் பெயர். சோற்றுக்கடையில் கை கழுவ எழுந்தால்கூட, “இன்னா ரங்கோன், கெளம்பிட்டியா?” என்பார்கள்.

கப்பல் ஏறினால் சில நாளில் போய்ச் சேரலாம். மாமு ஏற மாட்டார். “கப்பல்ல சரக்கு ஏத்தறது யாரு? நாமதான். நாம எந்த லச்சணத்துல ஏத்தறோம்னு நமக்குத் தெரியும். அதுல போயி நானே குந்துவனா?”

ஒரு வருடம் மழை ஓய்ந்ததும் அவர் மெய்யாகவே கிளம்பிவிட்டார். ஒரு கோணியின் வாயைத் தைத்து, இரண்டு காது வைத்து, காதுகளில் கயிறு கோத்து முதுகில் மாட்டிக்கொண்டார். உள்ளே வேட்டி, போர்வை, ஒரு கோணி ஊசி. “காதுன்னா இப்டி இருக்கணும்னு காட்றதுக்கு ஒரு மாதிரி வாணாமா?” என்றார். எனக்கும் ஓரிடத்தில் கால் தரிக்காது. நானும் சேர்ந்துகொண்டேன்.

ரயிலில் ஏற முடிந்த இடத்தில் ரயில், இறக்கிவிட்ட இடத்தில் கால்நடை. கட்டக்கில் எனக்குக் காய்ச்சல் வந்தது, போனது. பசித்தால் யாருடைய மூட்டையையாவது தூக்கினோம், சோறு கிடைத்தது. ஆறுகளுக்கு மாமு ஒரு சட்டம் வைத்திருந்தார். அக்கரை கண்ணுக்குத் தெரிந்தால் அது தோணி, ஏறலாம். தெரியாவிட்டால் அது கப்பல். வங்காளத்து ஆறுகளையெல்லாம் இந்தச் சட்டப்படிதான் கடந்தோம். சட்டத்துக்குக் கட்டுப்படாத ஆறு வந்தால், அது குறுகும் இடத்தைத் தேடிக் கரையோரமாக நடந்தோம். வழியெல்லாம் மாமு வசவுக்கு ஒத்திகை பார்த்தார். சிட்டகாங் வந்தபோது அது விடிய விடிய நடக்கும் கூத்தின் நீளம் ஆகியிருந்தது.

கடைசியில் நாஃப் ஆறு. அந்தப் பக்கம் பர்மா. போய் நின்றோம், ஒரே மூடுபனி. படகில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். மாமு மட்டும் கோணியைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“மாமு, படகு கெளம்புது!”

“கெளம்பட்டும். அக்கரை எங்க கீது, காட்டு பாக்கலாம்.”

“அது அங்கதான் இருக்கும் மாமு. ஓடியா போயிடும்?”

“இருக்கும்னு சொல்லித்தான் நைனா எல்லாரையும் கப்பல்ல ஏத்தறானுங்க.”

படகு போய்விட்டது. வெயில் ஏறி, எதிரே பச்சையாக ஒரு கோடு தெரிந்த பிறகுதான் அந்த மனிதர் எழுந்தார்.

அக்கரையான மங்டோவில் இறங்கியதும் நான் வாயைப் பிளந்தேன். சந்தை முழுக்கப் பெண்கள் ராஜ்ஜியம். கன்னத்தில் சந்தனம் போல் ஏதோ பூசி, வாழைத்தண்டு பருமனுக்குச் சுருட்டுப் பிடித்தபடி கடை நடத்தினார்கள். ஆண்கள் கைலியைக் கட்டிக்கொண்டு குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்தார்கள். திடீரென்று ஒரு வாடை. நான் மூக்கைப் பொத்தினேன். மாமு மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

“நம்ம காசிமேட்டு வாடை நைனா! கருவாட்ட இடிச்சி உருண்ட பண்ணி வெச்சிகினு கீறாங்க. காது இல்லாம தைக்கிறானுங்களே, எப்டியாப்பட்ட ராட்சசனுங்களோன்னு நெனச்சேன். நம்ம மாதிரிதான் கீறானுங்கோ.” ஒரு நிமிடம் முகம் மலர்ந்தது. உடனே சுதாரித்துக்கொண்டார். “ஆனா தையலு தையலுதான். வுட மாட்டேன்.”

அங்கேயே ஒரு கடைக்காரி சேவல் மார்க்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். சைகையில் கேட்டோம். அவள் சுருட்டாலேயே தெற்கே காட்டி, “அக்யாப்” என்றாள். ஆலை ரங்கோனிலேயே இல்லை!

இரண்டு கரையும் தெரிகிற ஆறாகப் பார்த்துத் தோணி பிடித்து அக்யாப் போனோம். ஆலை வாசலில் ஒரு தெலுங்குக்காரர் கிடைத்தார். மெட்ராஸில் இருந்தவராம், நம் பேச்சு தெரிந்தது. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து எங்களை உள்ளே அழைத்துப் போனார். மூட்டை வாய் தைத்துக்கொண்டிருந்தவள் ஒரு பர்மியப் பெண். வாயில் சுருட்டு.

மாமு கோணியை அவள் முன்னால் போட்டு ஆரம்பித்தார். வங்காளம் முழுக்க ஒத்திகை பார்த்ததில் ஒரு வரி விடவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவள் ஆரம்பித்தாள். அது மாமுவுடையதைவிட நீளம். அப்புறம் அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனாள். அங்கே ஆலையிலிருந்து படகுக்கு ஒரு சறுக்குப் பலகை. மூட்டைகளை அதில் வழுக்கி விடுகிறார்கள்.

தெலுங்குக்காரர் சொன்னார்: “மொதல்ல காது இருந்துச்சி அண்ணா. பலகை இடுக்குல காது மாட்டி, மூட்டை அப்படியே திரும்பி என் கால்மேல வுழுந்துச்சி. அன்னிலேர்ந்து இவ காது வைக்கிறதில்ல.”

தன் இடது பாதத்தைக் காட்டினார். மாமு தன் இடது பாதத்தைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே பக்கம் கோணியிருந்தன.

நான், “போலாமா மாமு?” என்றேன்.

“எங்க போறது? அவன் காலும் பொழைக்கணும், நம்ம காலும் பொழைக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தன் கோணி ஊசியை எடுத்து உட்கார்ந்தார். காது வைத்தார், மாட்டியது. குட்டையாக வைத்தார், பிடிக்க முடியவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் காதை உள்பக்கமாக மடித்து, ஒரே ஒரு தளர்ந்த தையல் போட்டார். மூட்டை பலகையில் வழுக்கிக்கொண்டு போனது. படகில் நின்றவன் விரலால் தையலைச் சுண்ட, காது வெளியே வந்தது. அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தன் சுருட்டை மாமுவிடம் நீட்டினாள். மாமு ஒரு இழுப்பு இழுத்து, சாகிறமாதிரி இருமினார்.

“நீ போ நைனா. இந்தத் தையல் இவங்க கைக்குப் பழகற வரைக்கும் நான் கூட இருந்துட்டு அப்பால வரேன்” என்றார்.

நான் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு ராயபுரம் திரும்பினேன். மாமு வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டார் என்றார்கள், காய்ச்சலில் போய்விட்டார் என்றார்கள். எனக்குத் தெரியாது. ஒரு நாள் சேவல் மார்க்கு மூட்டை வந்தது. வாயில் யாரோ சுண்டாமல் விட்ட ஒரு தளர்ந்த தையல். சுண்டினேன், காது வந்தது. முதுகில் ஏற்றிய பிறகும் அதைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

“தூங்கறியா? நடடா கஸ்மாலம்!” என்றான் பின்னால் நின்றவன்.

நடந்தேன். மாமு வருவார். கோணல் காலோடு வர வேண்டும், ஒவ்வொரு ஆற்றிலும் அக்கரை தெரியும்வரை உட்கார வேண்டும். நேரம் ஆகத்தானே செய்யும்.