மூச் சாரின் டெலக்ஸ் உடன்படிக்கை

உலகத்தில் ரகசியம் பத்திரமாக இருக்கக்கூடிய இடங்கள் இரண்டுதான். ஒன்று கல்லறை. மற்றொன்று மூச் சாரின் வயிறு. இதில் கல்லறையை முழுதாக நம்ப முடியாது. மேலே பெயரையும் பிறந்த தேதியையும் செதுக்கி ஊருக்கே காட்டிவிடுகிறார்கள்.

ஆம்பூரில் நான் டைப்பிஸ்டாக இருந்த தோல் ஏற்றுமதி ஆபீசில் அவர்தான் டெலக்ஸ் ஆபரேட்டர். இங்கே தட்டினால் ஜெர்மனியில் அச்சாகும். அங்கே தட்டினால் இங்கே கடகடவென்று காகிதம் வந்து விழும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் அப்படியொரு இயந்திரம் இருந்ததே அதிசயம். அதனால் தோல் விலையோடு, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் வீட்டுப் பிரசவம், காய்ச்சல், கல்யாணப் பேச்சு எல்லாமே அதன் வழியாக வரும். யாராவது எட்டிப் பார்த்து, "இன்னா சார் நியூஸ்?" என்றால் ஒரே பதில்தான். "மூச்!" அதுவே அவர் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் என்னவென்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. சம்பள நாளில் காசாளர் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய் முன்னால் நிற்பார்.

இயந்திரத்துக்கு அவர் ஒரு முக்காடு தைத்து வைத்திருந்தார். கழித்துப்போட்ட ஆட்டுத்தோலில் செய்தது. நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி கீறல். "எனக்கே ஒரு வரிக்கு மேல தெரியக்கூடாது" என்பார். அது யாருக்கு வந்த செய்தி என்று மட்டும் பார்த்துக்கொண்டு, மீதியை மடித்துக் கொடுத்துவிடுவார். வெயில் காலத்தில் இயந்திரம் சூடாகி, முக்காடும் சூடாகி, ஆபீஸ் முழுக்க யாரோ பிரியாணிக்கு அடுப்பு மூட்டிய மாதிரி இருக்கும். மதியம் யாருக்கும் வேலை ஓடாது.

சந்தோஷச் செய்தியையும் துக்கச் செய்தியையும் ஒரே முகத்தோடுதான் கொடுப்பார். முகம் மாறினால் பக்கத்து மேஜைக்காரன் ஊகித்துவிடுவானாம். அந்த முகத்தைப் பார்த்ததுமே ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேற்றுவதற்கு நாங்கள் நாலு பேர் ஓடினோம். பிரித்துப் பார்த்தால், அண்ணனுக்கு ஆண் குழந்தை.

தன் வாயைப் பூட்டினால் மட்டும் போதுமா? செய்தியை அனுப்புகிறவர்களும் பூட்ட வேண்டாமா? அதற்காகத்தான் மூச் சார் அந்த உடன்படிக்கையைச் செய்தார். ஜெர்மனித் தொழிற்சாலையில் ஓர் ஆபரேட்டர் அம்மாள், இத்தாலியில் ஒரு வாலிபன், மெட்ராசில் ஒருவர், ராணிப்பேட்டையில் ஒருவர். எல்லோரையும் மத்தியான ஓய்வில் தட்டிக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டார். உன் ஊர் ரகசியம் என் ஊரில் கசிந்தால் நான் பொறுப்பு. என் ஊருடையது உன் ஊரில் கசிந்தால் நீ பொறுப்பு. கசிந்தால் மறைக்காமல் சம்பந்தப்பட்டவரிடமே போய்ச் சொல்ல வேண்டும்.

"இன்னாய்யா, ஆபீஸ்ல உக்காந்துகினு வெளிநாட்டு மந்திரி வேலை பாக்கறியா?" என்றார் மேனேஜர் பாய்.

"வெளிநாட்டு மந்திரிங்க ஜாஸ்தி பேசுவாங்க சார். நாங்க பேசாம இருக்கறதுக்குத்தான் சேந்திருக்கோம்."

உடன்படிக்கைக்கு முதல் சோதனை மூல வியாதி ரூபத்தில் வந்தது. மூச் சார் வேலை முடிந்த காகிதங்களைக் குப்பையில் போட மாட்டார். டேனரிக்குள் போய், தோல் ஊறுகிற தொட்டியில் அமுக்கிவிட்டு வருவார். அந்த நாற்றத்தில் கைவிட்டுப் படிக்கிற வம்பன் ஆம்பூரில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் நம்பிக்கை. ஒருநாள் ஒரு காகிதம் ஆட்டுத்தோலில் ஒட்டிக்கொண்டு, தோலோடு காய்ந்து, எழுத்தை மட்டும் தோலில் விட்டுவிட்டு உதிர்ந்துபோனது. எங்கள் மேஸ்திரி தன் மூல வியாதிக்கு ஜெர்மனியிலிருந்த தம்பியிடம் மருந்து கேட்ட செய்தி அது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, அழகாகப் பதிந்து, இத்தாலிக்குக் கப்பலேறிவிட்டது.

அங்கே கிடங்கில் அதைப் பார்த்த ஆபரேட்டர் வாலிபன் உடன்படிக்கையை நினைத்து, கத்தரிக்கோலால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எரித்துவிட்டான். வாங்கியவர்களுக்குக் கோபம்.

"நம்ம தோல்ல ஜன்னல் மாதிரி ஓட்டையாம்! எப்டிய்யா வந்துச்சு?" என்று மேனேஜர் பாய் குதித்தார்.

"சொல்ல முடியாது சார்."

"யாரு வெட்டினது, அதையாவது சொல்லு!"

"நம்ம தோஸ்துதான் சார்."

பிறகு நிபந்தனைப்படி மேஸ்திரியிடம் போய், கைகட்டி நின்று, "உங்க விஷயம் கசிஞ்சிடுச்சு, மன்னிக்கணும்" என்று ஒப்புக்கொண்டார். மேஸ்திரிக்குக் கோபமே இல்லை. அன்று சாயங்காலமே டீக்கடையில் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். "நான் சோளிங்கரைத் தாண்டினதில்ல. என் மூலம் இத்தாலிக்குப் போய்ட்டுது பாத்தியா!" மூச் சார் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நானும், என் முறை வரும்வரை.

என் மகன் தோல் தொழில் பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போயிருந்தான், அந்த ஆபரேட்டர் அம்மாள் இருந்த அதே தொழிற்சாலைக்கு. வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த கடிதம் நின்றுபோயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிற்பகல் டெலக்ஸ் மணி அடித்தது. தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். முக்காட்டின் கீறலில் ஒரே ஒரு வரி. அதில் என் மகன் பெயர். பக்கத்தில் 'ஆஸ்பத்திரி'. மூச் சார் உள்ளங்கையால் மூடிவிட்டார்.

"சார், இன்னா அது?"

"மூச்!"

"என் புள்ள சார் அவன்!"

"புள்ள உங்களுது. விஷயம் அவனோடது. வீட்டுக்குச் சொல்லவேணாம்னு அவனே கேட்டுகினு இருக்கான். லெட்டர் ஏன் நின்னுபோச்சுன்னு நான் கேட்டதுக்கு, அந்தம்மா உடன்படிக்கைய நம்பித்தான் எனக்கு மட்டும் சொல்லியிருக்கு."

நான் கத்தினேன். கையில் கிடைத்த பேப்பர்வெயிட்டைத் தூக்கினேன். மேனேஜர் பாய் ஓடிவந்தார். "ஏன்யா பெத்தவள இப்டி பேஜார் பண்றே? சொல்லித் தொலையேன்!"

"அவன் சரின்னா சொல்றேன் சார். கேக்கறேன் இருங்க."

உட்கார்ந்து தட்டினார். பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே நான் கண்ட ஒரே சர்வதேச மாநாடு. ஜெர்மனி அம்மாள், விதி விதிதான், ஆனால் பையனை நேரில் போய்க் கேட்டுவருகிறேன் என்றாள். அவள் போனதும் மற்ற மூவரையும் கூப்பிட்டு மூச் சார் யோசனை கேட்டார். இத்தாலிக்காரன், கேட்பது தாய், உடனே சொல் என்று ஏழெட்டு ஆச்சரியக்குறி போட்டான். மெட்ராஸ்காரர் பாதி சொல்லலாம் என்றார். எந்தப் பாதி என்று அவருக்கே தெரியவில்லை. ராணிப்பேட்டைக்காரர் ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றார். என் பிள்ளை எந்த நிலையில் கிடக்கிறானோ, இங்கே ஓட்டெடுப்பு!

நான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். "உயிரோட இருக்கானான்னு மட்டும் சொல்லுங்க சார். வேற எதுவும் கேக்கல."

மூச் சார் எழுந்து வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவர் நெற்றியில் வேர்வை ஓடியது.

"டைப்பிஸ்டம்மா, அந்தம்மா எதுக்குப் போயிருக்கு?"

"அனுமதி கேக்க."

"யாருகிட்ட?"

"என் பையன்கிட்ட."

"பதில் சொல்ல முடியாதவன்கிட்ட யாராச்சும் அனுமதி கேக்கப் போவாங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். ஒரு ரகசியமும் கசியவில்லை. ஆனால் எனக்கு மூச்சு வந்தது.

மணி மறுபடி அடித்தது. அனுமதி கிடைத்துவிட்டது, நிபந்தனையோடு: அம்மா அழக்கூடாது, புறப்பட்டு வந்துவிடவும் கூடாது. விஷயம் இதுதான். ஆம்பூர் பஜாரில் சைக்கிள் ஓட்டியவனுக்கு எந்த ரோடும் ஒன்றுதான் என்ற தைரியத்தில், கையை விட்டுப் பனிக்கட்டியின் மேல் ஓட்டியிருக்கிறான். கால் உடைந்து, கட்டுப் போட்டு, தேறி, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நான் இரண்டு நிபந்தனையில் ஒன்றை அங்கேயே மீறினேன். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மாதிரி மணி கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். வீட்டுக்காரர், "பையன் இதோ பக்கத்து ரூம்லதாம்மா தூங்கறான்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பயிற்சி முடிந்து மகன் திரும்பினான். வந்த மறுநாளே, லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து ஆபீசுக்கு வந்தவன், என் மேஜையைத் தாண்டி நேராக டெலக்ஸ் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள், நடுநடுவே சிரிப்பு. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் கதவைத் தட்டவில்லை. ஆபீஸ் பையனை அனுப்பி இரண்டு டீ வாங்கிவரச் சொன்னேன், ஒன்றில் சர்க்கரை ஜாஸ்தி. மூச் சாரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே சொந்த விஷயம் அதுதான். அதையும் இப்படிப் பத்திரிகையில் எழுதிவிட்டேன். சம்பந்தப்பட்டவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.