தட்டு மாற்றும் முன் எலும்பு தின்னும் செல்

ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லும் ஆற்றல் எனக்கு எந்நாளும் வாய்த்ததில்லை. (பேராசிரியர்களுக்கு இது தொழில் நோய். ஓய்வூதியத்தோடு கூடவே வரும்.)

என் மகன் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் பொறியாளன். உடன் வேலை பார்க்கும் பெண்ணை விரும்பினான். திருவாலங்காட்டில் நெல் பயிரிடும் அவள் குடும்பத்தாரைச் சம்மதிக்க வைப்பதற்குள் படாத பாடு பட்டுவிட்டான். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டுகள் தயாராக இருந்தன. நல்ல நேரம்தான் இன்னும் பிறக்கவில்லை. அந்த இடைவெளியில் பெண்ணின் தந்தை மரியாதைக்காக என்னிடம் கேட்டார்: "சார் காலேஜ்ல இன்னா பாடம் எடுத்துக்கினு இருந்தீங்க?"

'உயிரியல்' என்றிருந்தால் போதும்.

"எலும்பைத் தின்னும் செல்கள்," என்றேன். சபை அமைதியானது. அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். "மஜ்ஜையில் பிறந்து, இரத்தத்தில் தனித்தனியே சாதுவாகத் திரிபவை. எலும்பைக் கட்டும் செல்லே அவற்றுக்கு அழைப்பு அனுப்பும். அழைப்பு வந்ததும் பல செல்கள் கலந்து ஒரே பூதமாகும். அது எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து, அரித்துப் பள்ளம் பறிக்கும்."

பெண்ணின் அத்தை, மஞ்சளும் குங்குமமும் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நல்ல காரியத்துல இன்னாய்யா எலும்பு, பூதம்னுக்கினு? கட்றதே இடிக்கிறத கூப்புடுதாம். இந்த ஊட்டுக்கா நம்ம பொண்ண அனுப்பறது?"

மகன் என்னைப் பார்த்தான். (உலையின் வெப்பம் எவ்வளவு என்பதை ஆலைக்குப் போகாமலேயே அறிந்தேன்.)

நிலைமையைச் சீர்செய்ய முனைந்தேன். "அஞ்ச வேண்டாம். அந்த அழைப்பு போய்ச் சேருமுன் நடுவழியிலேயே பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்றும் உண்டு. அது மட்டும் இல்லையென்றால் எலும்பு மிஞ்சாது."

அருகிலிருந்த என் மனைவி அத்தையின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, அப்படி நடுவுல பிடிக்கிறதுக்குத்தான் நானும் இவர் கூடவே வர்றேன். இன்னைக்குக் கொஞ்சம் அசந்துட்டேன்."

அத்தை அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இத்தினி வருசமா இந்த மனுசன எப்டிம்மா வெச்சிக்கினு கீற?" தட்டு நடுவுக்கு வந்தது. நல்ல நேரத்திலேயே மாற்றிக்கொண்டோம்.

மனைவி இப்போது இல்லை. அந்தப் பொறுப்பை மருமகள் ஏற்றிருக்கிறாள். அண்மையில் காக்களூரில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். நான் வாயைத் திறந்ததுமே கூடத்தின் மறுகோடியிலிருந்து, "மாமா," என்றாள். என் மனைவி 'என்னங்க' என்று தடுக்கும் அதே ஏற்ற இறக்கம். யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கவில்லை. உறவினர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்சம் மோர் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பரவாயில்லை.