ஒற்றைச் சட்டையும் இருபது டோக்கனும்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் காலிக்கடைக்காரர் என்றொரு இனம் பெருகிவருகிறது. அந்த இனத்தாரில் ஆயிரம் பேரையாவது கிட்டே போய், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து ஆராய்ந்தாகிவிட்டது. சரி, ஆயிரம் என்பது கொஞ்சம் அதிகம். மூன்று பேர். அதிலும் இருவர் கடையை மூடிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒருவரைப் பார்த்ததிலேயே ஆயிரம் பேரைப் பார்த்த களைப்பு வந்துவிட்டதால், அப்படிச் சொல்வதில் தப்பில்லை.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மற்ற வியாபாரிகள் கடையில் என்ன இருக்கிறது என்று காட்டுவார்கள். இவர் என்ன இல்லை என்று காட்டுவார். செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்கு நீங்கள் ஒரு கைக்குட்டைக்காகப் போனாலும், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வேட்டி, துண்டு, போர்வை, ஜமுக்காளம் என்று முன்னால் மலையாகக் குவித்து, நீங்கள் போதுமென்று கும்பிட்ட பிறகும் "சும்மா பாருங்க, பாக்கறதுக்குக் காசா?" என்று இன்னொரு கட்டைப் பிரித்து உதறுவார்கள் அல்லவா? காலிக்கடைக்காரருக்கு அந்தக் காட்சியை நினைத்தாலே வியர்த்துவிடும். நாற்பதடி நீளக் கூடத்தில் ஒரே ஒரு சட்டையைத் தொங்கவிடுவார். அதுவும் நடுவில். அதுவும், ஏதோ குற்றம் செய்துவிட்டுத் தண்டனைக்குக் காத்திருப்பதுபோல.

நாமக்கல் பரமத்தி சாலையில், ஒரு மருந்துக்கடைக்கும் ஸ்கேன் சென்டருக்கும் நடுவே சித்தார்த் திறந்தது இந்த இனத்தின் அசல் மாதிரி. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் செங்கோடனின் மகன். பெங்களூரில் மூன்று வருஷம் டிசைன் படித்துவிட்டு, தோள் முழங்கையில் இறங்கும் சட்டையும், ஒரு காலுக்குள்ளேயே குடும்பத்தோடு குடியேறலாம் என்கிற பேண்ட்டுமாகத் திரும்பி வந்தவன்.

"ஏஞ்சாமி, அளவெடுத்தவனுக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்டார் அப்பா.

"இது ஸ்ட்ரீட்வேருப்பா. ஓவர்சைஸ்."

"நம்ம லாரிக்குத் தார்ப்பாய்கூட இன்னும் இறுக்கமாத்தான் தெக்கறாங்க."

அவன் அசரவில்லை. பூசியிருந்த சுவரைக் கொத்திப் பூசாத சுவராக்கினான். கூடத்தின் நடுவே கிரேன் வைத்து ஒரு தட்டைப் பாறையை இறக்கினான். எதற்கு? எதற்குமில்லை. கடையின் பெயரைக் கண்ணாடிக் கதவில், முழங்கால் உயரத்தில், அரிசி அளவு எழுத்தில் பொறித்தான்.

"இது யாருக்குங்க தெரியும்?" என்றாள் வேலைக்குச் சேர்ந்த சுகன்யா.

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்."

இந்த இனத்தின் மூலமந்திரம் இது. இதைச் சொல்லும்போது பார்வை எதிராளியின் தலைக்கு ஒரு சாண் மேலே நிற்கவேண்டும்.

சுகன்யாவுக்குப் பச்சையும் சாம்பலும் கலந்த, முழங்கால் வரை தொங்கும் சட்டை ஒன்றும் மூன்று விதிகளும் தரப்பட்டன. சிரிக்கக் கூடாது. வாங்க என்று அழைக்கக் கூடாது. என்ன வேண்டும் என்று கேட்கவே கூடாது. ராசிபுரத்தில் வளையல் கடையில் பேசிப் பேசியே வியாபாரம் பழகிய பெண் அவள். முதல் வாரம், பேசாமலிருந்தே அவளுக்குத் தாடை வலி வந்துவிட்டது.

அவன் பாடு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கட்டடம் பெரியநாயகி அம்மாளுடையது. மொத்த முட்டை வியாபாரம் செய்கிறவர். நாற்பது நாளாக அந்த வாசலை யாரும் மிதிக்காததைக் கவனித்துவிட்டு, ஒரு புதன்கிழமை நேரிலேயே வந்தார். சாம்பல் நிறம் அடித்து ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"இதை என்னத்துக்கு சாமி செவுத்துல ஒட்டிவெச்சிருக்கற?"

"டெக்ஸ்சருங்க ஆத்தா."

"என்ற குடோன்ல லோடு லோடாக் கெடக்குது. இத்தன நாளாத் தெரியாமப் போச்சே." பாறையை ஒரு சுற்று சுற்றி வந்தார். "பாரு கண்ணு, ஆளு வாராத கடை கட்டடத்துக்கு ஆகாது. இந்த எடத்தைக் கேட்டு ஒரு பேக்கரிக்காரர் தெனமும் வந்து நிக்கறாரு."

"கடை இல்லீங்க, ஸ்பேஸ். சனிக்கெழமை டிராப் வெச்சிருக்கறனுங்க. வாசல்ல வரிசை நிக்கும், பாருங்க."

"எத்தன பேரு நிப்பாங்க?"

"இருவது பேராச்சும்."

"இருவது தலை நின்னா இடம் உனக்கு. பத்தொம்போதுன்னா பேக்கரிக்கு."

டிராப் என்றால் வேறொன்றுமில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் சட்டை மட்டும் தைத்து, நாளும் நேரமும் குறித்து, டோக்கன் கொடுத்து, வெயிலில் காக்கவைத்து, ஒவ்வொருவராக உள்ளே விடுவது. ரேஷன் கடையில் இதைச் செய்தால் சாலை மறியல் நடக்கும். இங்கே இதற்குப் பெயர் கலாச்சாரம்.

கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: "சனிக்கிழமை பதினொரு மணி. டோக்கன் அவசியம்." அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்குவது இனத்துக்கே இழுக்கு. இன்ஸ்டாகிராமில் அவனைத் தொடரும் எட்டாயிரம் பேரும் அந்தத் தாளின் படத்துக்குப் படுத்தபடியே இதயம் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை. உள்ளறையில் உட்கார்ந்து கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தார்த் துள்ளி எழுந்தான். வரிசை! ஒன்பதரைக்கே வரிசை! நரைத்த தலை, கைத்தடி, மஞ்சள் பை. கொஞ்சம் திகைத்தான். பிறகு பூரித்தான்.

"சுகன்யா, நம்ம ஆடியன்ஸ் இவ்வளவு பெருசுன்னு நானே நெனைக்கல."

"வயசுலீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் டோக்கன் கட்டோடு வெளியே போனாள். என்ன வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. விதி.

முதல் டோக்கன் பழனியம்மாள். பனமரத்துப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். செருப்பை வெளியே விட்டு, உள்ளே வந்து, குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இதும்மேல ஏறிப் படுக்கோணுங்களா?" பாறையைக் காட்டினார்.

சித்தார்த்துக்குப் புல்லரித்தது. நாற்பது நாளில் அந்தப் பாறையோடு உறவாட நினைத்த முதல் மனுஷி. "உங்க இஷ்டமுங்க."

"படம் எடுக்கறப்ப இந்தச் சட்டையை மாட்டிக்கோணுமா?"

படம்! எடுக்கட்டும், ஊரெல்லாம் பரப்பட்டும். "தாராளமாப் போட்டுப் பாருங்க."

பழனியம்மாள் சேலைமேலேயே சட்டையை மாட்டி, பாறைமேல் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு முட்டியும் எடுத்துருங்க சாமி. எடது முட்டிதான் நெம்ப வலி."

சத்தமே கேட்கக் கூடாத அந்த இடத்தில் சுகன்யா சிரித்தாள். முதல் விதி போயிற்று.

ஜனங்கள்மேல் என்ன தப்பு? பெயர்ப்பலகை இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, ஆபரேஷன் தியேட்டர் நிறத்தில் சட்டை, டோக்கன், வாய் திறக்காத பெண். கோயம்புத்தூரிலிருந்து பெரிய முட்டி டாக்டர் வந்திருக்கிறார் என்று மருந்துக்கடை வாசலில் புறப்பட்ட சேதி, இரண்டே நாளில் எட்டு ஊர் போய்விட்டது. யாராவது சிரித்து வரவேற்றிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். இத்தனை அலட்சியமாக நடத்தினால் பெரிய டாக்டராகத்தானே இருக்கவேண்டும்?

இது கடை, டாக்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான் சித்தார்த். கடை என்ற சொல் அவன் நாக்கு வரைக்குமே வந்துவிட்டது. அப்போது கண்ணாடிக்கு வெளியே பெரியநாயகி விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். பதினாறு. பதினேழு. வாயை மூடிக்கொண்டான்.

"கொஞ்சம் அப்படியே படுத்திருங்க ஆத்தா."

"ஆகட்டுஞ்சாமி. சில்லுன்னு நல்லாத்தான் இருக்குது."

பத்தொன்பது. அங்கே நின்றது விரல். ஓர் ஆட்டோ வந்தது, யாரோ மெதுவாக இறங்கினார்கள், விரல் மடங்கியது. இருபது.

பெரியநாயகி உள்ளே வந்தார். பாறைமேல் சட்டையோடு கிடந்தவரைப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"டாக்டரு வாரவரைக்கும் படுத்திருக்கச் சொன்னாங்கோ," என்றார் பழனியம்மாள், கண்ணைத் திறக்காமலே.

பெரியநாயகி சித்தார்த்தின் முகத்தைப் பார்த்தார். முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறவருக்கு இதுவா புரியாது?

"இருவது தலைன்னுதான் நான் சொன்னேன். எதுக்கு நிக்கோணும்னு சொல்லல. இடம் உனக்குத்தான். ஆனா நம்பி வந்த சனத்தைச் சும்மா அனுப்பப்படாது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு டாக்டரைக் கூட்டியாந்து உக்கார வெச்சிரு."

இப்போது வாரம் இரண்டு நாள் அந்தப் பாறைக்குப் பின்னால் டாக்டர் ஒருவர் உட்கார்கிறார். அந்த இடத்துக்கு வருகிறவர்களிடம் "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று வாய் திறந்து கேட்கிற முதல் ஆள் அவர்தான். சித்தார்த் அன்றைய வரிசையைப் படமெடுத்து, எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று போட்டான். ஒரு சட்டைகூட விற்கவில்லை என்பது அவன் கவலைப்படுகிற விஷயமே இல்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா ஒன்று இருக்கிறதே, உறவுக்காரர்கள் அதன் பக்கம் நகர்ந்தாலே "இங்க வாங்க, இங்கதான் காத்து வரும்" என்று சமையலறை நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டு போகிறீர்களே, அந்தச் சோபா யாருக்கு? தெரிய வேண்டியவர்களுக்கா? எதற்கும் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

இதுவரை நான் எழுதிய தாள்களை, வெள்ளிக்கிழமை டாக்டருக்காகக் காத்திருந்த என் கையிலிருந்து வாங்கி, சத்தமாகவே படித்து முடித்தாள் சுகன்யா.

"எல்லாஞ் சரிங்க. ஒண்ணுதான் தப்பு. அன்னைக்கு ஒரு சட்டை வித்துச்சு. இருவதாவது டோக்கனுங்க. ஆட்டோவுல வந்து, எக்ஸ்ரே கவரை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, பேரனுக்குன்னு சொல்லித்தான வாங்குனீங்க? இப்ப நீங்க போட்டுக்கிட்டிருக்கறது அந்தச் சட்டைதானுங்களே!"