ஃபனூரிஸ் காணாமல் போன நாள்

இந்த ஆண்டு என் பெயர்நாளன்று காணாமல் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு முதியவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு அது. கடைசி வரிசை எழுத்துகளை அவர் படித்து முடிப்பதற்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்று எனக்கு நானே கெடு விதித்துக்கொண்டேன். அவர் கடைசிவரை படிக்கவே இல்லை. ஆகவே நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது.

கிரீட் தீவில், எங்கள் இராக்லியோ நகரத்தில் பிறந்தநாளை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. எந்தப் புனிதரின் பெயரை நமக்கு வைத்தார்களோ, அவருடைய நாள்தான் நம் திருநாள். அன்று வீட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். அழைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், எல்லோரும் வருவார்கள். நான், ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி வெயிலில் கோட்டு அணிந்து, வரவேற்பறையின் நடுவில் அமர்ந்து, கன்னத்தைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். "பல்லாண்டு!" என்று ஒரு முத்தம். "பல்லாண்டு!" என்று இன்னொன்று. நாற்பது முத்தங்களுக்குப் பிறகு என் மனைவியின் அண்ணன் மனூசோஸ் வருவார். சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுப்பார். அதற்குள் அவருடைய சிறுநீரகக் கல்.

பதினோரு ஆண்டுகளாக அதே கல்தான். கதை மட்டும் வளர்கிறது. முதல் ஆண்டில் அது பயறு அளவு; சென்ற ஆண்டில் வாதுமைக்கொட்டை அளவு. அப்படியானால் தீப்பெட்டியில் எப்படி அடங்குகிறது என்று கேட்கும் துணிவு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

வாழ்நாளில் ஒரே ஒரு பெயர்நாள், கல் இல்லாமல், முத்தம் இல்லாமல், வாயைத் திறக்காமல் கழிய வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அன்று மாலை, எவான்தியா சமையலறையில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகக் கேட்பதுபோல் ஆரம்பித்தேன்.

"எவான்தியா, நாம ஏதென்ஸுக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"நாம எப்போ போனோம்? தேனிலவுக்குன்னு கூட்டிட்டுப் போனே. பிரேயஸ் துறைமுகத்துல இறங்கினோம். உங்க மாமா வீட்டுல மீன் சாப்பிட்டோம். அதே கப்பல்ல திரும்பினோம்."

"அதான் மனசை உறுத்துது. இப்பவாவது ஊரைச் சுத்திக் காட்டறேன். இருபத்தாறாம் தேதி ராத்திரி கப்பல். இருபத்தேழு முழுக்க நாம ரெண்டு பேர் மட்டும்."

"இருபத்தேழு உன் பெயர்நாளாச்சே?"

"அடடே! அப்படியா? மறந்தே போச்சு பாரேன்."

ஒரு பீன்ஸுக்கு நார் உரிக்கும் நேரம் அவள் என்னைப் பார்த்தாள்.

"மறக்கத்தான் செய்யும். வயசாகுதில்ல? சரி, போகலாம், என் கண்ணே."

இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்வில் அவள் என்னை 'என் கண்ணே' என்று அழைத்தது மூன்றே முறை. முதல் முறை, அடுத்த வாரமே சமையலறையை இடித்துக் கட்டினோம். இரண்டாம் முறை, அவளுடைய தாயார் எட்டு மாதம் தங்கிச் சென்றார். மூன்றாம் முறை இது. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிற எனக்கு இது கண்ணில் படவில்லை.

பெயர்நாளில் விருந்தினரை ஏற்க இயலாதவர்கள் உள்ளூர் நாளிதழில் அறிவிப்புக் கொடுப்பது எங்கள் ஊர் மரியாதை. நானும் எழுதினேன்: 'மூக்குக்கண்ணாடிக் கடை ஃபனூரிஸ் இவ்வாண்டு பெயர்நாள் கொண்டாடவில்லை.' சுருக்கமான, அழகான வாக்கியம்.

"பத்திரிகை ஆபீஸ் பக்கம்தான் நான் போறேன், குடு," என்று எவான்தியா வாங்கிக்கொண்டாள். எவ்வளவு உதவியான பெண் என்று நெகிழ்ந்துபோனேன்.

கப்பல் ஏறியதும் இரண்டு கைபேசிகளையும் அணைத்துப் பெட்டிக்குள் போட்டேன். மேல்தளத்துக்குப் போகலாம் என்றேன். எவான்தியா அறைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"வேண்டாம். மேல காத்து ஜாஸ்தி. உனக்குக் காது வலி வந்துடும்."

"கீழ்த்தளத்துல யாரோ பாடறாங்களே. நம்ம ஊர்ப் பாட்டு மாதிரி இருக்கு."

"கிரீட்லேருந்து கிளம்பின கப்பல்ல வேற எந்த ஊர்ப் பாட்டுப் பாடுவாங்க? படு."

படுத்தேன். குழந்தையைப்போல் உறங்கினேன்.

காலையில் பிரேயஸில் இறங்கி, பெட்டியை ஓர் அறையில் போட்டோம். செய்தித்தாளில் சுற்றியிருந்த என் புதுச் செருப்பை அவள் எடுத்து வைத்தாள். அடுத்து, கட்டம் போட்ட ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தையும் எடுத்தாள். பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் மணி குறித்திருந்தது.

"இது என்ன?"

"ஊர் சுத்திக் காட்டறேன்னு சொன்னியே. எங்கெங்கன்னு மூணு வாரமா நான் எழுதி வெச்சேன். நீ காட்டினாப் போதும்."

எட்டு மணிக்கு அக்ரோபோலிஸ் குன்றின் பழங்கோவில். இரண்டரை ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் மிதித்து மிதித்து அந்தப் பளிங்குக் கற்களை மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். என் புதுச் செருப்பும் பளிங்கும் முதல் சந்திப்பிலேயே வழுக்கிப் பழகிக்கொண்டன. இறங்கியபோது இடது குதிகாலில் கொப்புளம். பத்து மணிக்கு அருங்காட்சியகம். வலது குதிகாலிலும் கொப்புளம். எவான்தியா ஒவ்வொரு ஜாடியின் முன்னும் நின்று, கீழே எழுதியிருப்பதைக் கடைசி எழுத்துவரை படித்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி ஜாடிதானே!"

"உன் கடையில தொங்கறது எல்லாம் ஒரே மாதிரி ஃப்ரேம்தானே? நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

பன்னிரண்டு மணிக்கு, நாடாளுமன்றத்தின் முன் குஞ்சம் வைத்த காலணிக் காவலர்கள் முறை மாறுவதைப் பார்த்தோம். ஒவ்வொரு காலையும் அவர்கள் மெல்ல, மிக மெல்ல உயர்த்திவைத்தார்கள். அவர்களுக்கும் கொப்புளம் இருக்குமோ என்று எனக்குள் ஒரு பாசம் பிறந்தது. அப்போதுதான் கூட்டத்தில் ஒரு பச்சைத் தொப்பியைக் கண்டேன்.

"எவான்தியா! அது உங்க அண்ணன் தொப்பி!"

"எது?"

"அந்தக் கம்பத்துக்குப் பின்னாடி... மறைஞ்சுடுச்சு!"

"வெயில்ல உனக்கு என்னென்னமோ தெரியுது. ஊருக்குப் போனதும் முதல்ல உன் கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோ."

தொழில் ரீதியான அவமானம்.

பகல் ஒரு மணி. நாய்கள்கூட நிழலில் படுத்துவிட்ட வேளை. லிகவிதோஸ் குன்றின் அடிவாரத்தில் நின்றோம்.

"மேல போக ரயில் இருக்கு," என்றேன். குரலில் கண்ணீர் இருந்தது.

"அது சுரங்கத்துக்குள்ளயே போகுது. சுவரைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? நட."

நடந்தோம். உச்சியில் இருந்து ஏதென்ஸ் முழுவதும் தெரிந்ததாம். நான் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் என் முழங்கால் முழுவதும் தெரிந்தது.

"சாப்பிடலாமா?"

"நோட்டுல இன்னும் வரலை."

"பசிக்குது, எவான்தியா."

பையிலிருந்து எள் ஒட்டிய ரொட்டி வளையம் ஒன்றை எடுத்துப் பாதியைக் கொடுத்தாள். பெரிய பாதி எனக்குத்தான். நடுவிலிருந்த ஓட்டையும் என் பாதியில்தான் வந்தது.

அதன் பிறகு ஒரு பழைய கல்லறைத் தோட்டம். அங்கே கிடந்தவர்களின் நிலையைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. அங்கிருந்து ரயில் தண்டவாளத்தின் ஓரமாக, பெத்ராலோனா என்னும் பகுதி வரை நடை. ஒரு சந்து திரும்பினோம். என் மூக்கு நின்றது. கால் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது.

ஆட்டிறைச்சி. எங்கள் ஊர் முறையில், நெருப்பைச் சுற்றிக் கம்பிகளில் நிறுத்தி, பொறுமையாக வாட்டும் ஆட்டிறைச்சி. சந்து முனையில் ஒரு சிறிய உணவுக்கடை. கதவு சாத்தியிருந்தது, உள்ளே குளிர்ச்சி இருக்கும் என்று அந்தக் கதவைப் பார்த்தாலே தெரிந்தது.

"இங்கதான்," என்றேன்.

"ஐயோ, இங்க வேண்டாம், ஃபனூரி! நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடை மாதிரி இருக்கு. ஊர் வாடையே இன்னைக்கு வேண்டாம்னு நீதானே சொன்னே?"

"சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"இன்னும் ரெண்டு தெரு நடந்தா ஒரு தேவாலயம் இருக்கு. பன்னண்டாம் நூற்றாண்டு."

"அது இன்னொரு நூற்றாண்டு இருக்கும். நான் இருக்க மாட்டேன்."

"மூடியிருக்கு போல."

"புகை வருது! மூடின கடையில ஆடு தானா வேகுமா?"

"பிடிவாதம் பிடிக்காதே. நான் உள்ள வர மாட்டேன்."

இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக நிமிர்ந்து நின்றேன். "இன்னைக்கு நான் சொல்றதுதான்," என்றேன். அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு, தோளால் கதவை முட்டித் திறந்து, வெற்றிவீரனாக உள்ளே நுழைந்தேன்.

"பல்லாண்டு!"

முப்பத்து நான்கு பேர். எங்கள் தெரு முழுவதும் அங்கே அமர்ந்திருந்தது. ஓடலாம் என்று மூளை ஆணையிட்டது. கால்கள் அந்த ஆணையைப் பெற்றுக்கொள்ளவே இல்லை. யாரோ நாற்காலி போட்டார்கள். விழுந்தேன். கன்னத்தில் முத்தங்கள் விழத் தொடங்கின.

என் அத்தை அஸ்பாசியா ஒரு பெரிய கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் புனிதர், தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர். எதையாவது தொலைத்தவர்கள் அவர் பெயரில் கேக் செய்து பங்கிடுவார்கள், தொலைந்தது கிடைத்துவிடும். ஒளிந்துகொள்ள ஆண்டில் முந்நூற்று அறுபத்து நான்கு நாட்கள் இருக்க, நான் அவருடைய நாளைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

"நீ தொலையப் போறேன்னு எவான்தியா சொன்னாடா. உடனே செஞ்சுட்டேன். பாரு, நாலரைக்கெல்லாம் கிடைச்சுட்டே!"

"நீங்க எல்லாம் எப்படி அத்தை வந்தீங்க?"

"உன்கூடத்தான். அதே கப்பல், கீழ்த்தளம். எங்க பாட்டு கேட்கலையா உனக்கு?"

"அறிவிப்புக் கொடுத்தேனே! கொண்டாடலைன்னு!"

அத்தை கைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து நீட்டினார். 'மூக்குக்கண்ணாடிக் கடை ஃபனூரிஸ் இவ்வாண்டு பெயர்நாளை ஏதென்ஸில் கொண்டாடுகிறார். அனைவரும் வருக. விவரங்களுக்கு அவர் மனைவியை அணுகவும்.' காலையில் என் செருப்பைச் சுற்றியிருந்ததும் அதே நாளிதழ்தான்.

எவான்தியாவைப் பார்த்தேன். அவள் நிதானமாகத் தன் காலணியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு ஜோடி கனத்த காலுறைகள்.

"ஏன்? ஏன் இப்படி நடக்க வெச்சே?"

"என் சித்தி மகன் கடை இது. ஆடு வேக ஆறு மணி நேரம் ஆகும்னான். அதுவரைக்கும் உன்னை எங்கே வெச்சுக்கறது? அதோட, ஓடற தெம்பு இல்லாமத்தான் உன்னை உள்ள கொண்டுவரணும்."

பச்சைத் தொப்பி என் பக்கத்தில் வந்து அமர்ந்தது. தீப்பெட்டி திறந்தது.

"மாப்பிள்ளை, இந்தக் கல் இருக்கு பாருங்க... முட்டை அளவு!"

கேக்கை வாயில் திணித்துக்கொண்டேன். ஒன்றில் மட்டும் எனக்கு ஆறுதல் இருந்தது. எல்லாம் அவள் திட்டமாக இருக்கலாம்; ஆனால் அவள் தடுத்தும் கேளாமல் அந்தக் கதவைத் திறந்தது நான். அந்த ஒரு நிமிடம் என்னுடையது.

மேசைமேல் நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. கடைசி வரியைப் படித்தேன். பார்வையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

'4.30: நான் வேண்டாம் என்பேன். ஃபனூரிஸ் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போவான்.'